பொந்து விழுந்த புளியங்கட்டையில் வண்ண ரெசின்: பேனா கடைந்த அனுபவம்

சேரன்மகாதேவிப் பக்கம் மர அறுவை மில்களில் புளியமரம் அறுபடும்போது, வெடிப்போ வண்டு துளைத்த பொந்தோ உள்ள துண்டுகளை விறகுக்கென்று ஒதுக்கிவிடுவார்கள். கடைசலில் பேனா செய்வதற்கான கட்டைகளை நான் அந்தக் குவியலிலிருந்துதான் பொறுக்கி எடுக்கிறேன். முக்கால் அங்குலச் சதுரமும் 5 அங்குல நீளமும் ஒரு பேனாவுக்குப் போதும் என்பதால், சின்னத் துண்டிலேயே கருஞ்சிவப்பு வைரமும் (கெட்டியான நடுமரம்) வெளிறிய மேல்மரமும் நடுவே ஒரு பொந்தும் சேர்ந்து கிடைத்துவிடும். அந்தப் பொந்தில் மயில்நீல ரெசின் (திரவமாக ஊற்றி இறுகவிடும் செயற்கைப் பிசின்) அமரும்போது வைரத்தின் நிறம் இன்னும் ஆழமாகத் தெரிகிறது. பழுதில்லாத முழுக்கட்டையில் இந்த அழகு வராது என்பது என் உறுதியான எண்ணம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் எந்த ரெசின் நல்லது என்றே கேட்கிறார்கள். கட்டையின் நிலையும் ஊற்றும் நேரமும் அதைவிட முக்கியம் என்பதையே நான் கண்டிருக்கிறேன். பொந்துக்குள் கிடக்கும் மக்கிய தூளைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, கெட்டியான மரம் தட்டுப்படும்வரை எடுத்துவிட வேண்டும். மக்கிய பகுதியைப் பற்றிக்கொண்ட ரெசின், உளி பட்டதும் அதோடு சேர்ந்தே பெயர்ந்து வந்துவிடும். பிறகு கட்டை காய வேண்டும். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்துப் பார்த்து, எடை குறைவது நின்ற பிறகே ரெசின் டப்பாவைத் திறக்கிறேன்.

நன்றாகக் காய்ந்த கட்டைக்குள்ளும் காற்று இருக்கிறது. கட்டை சூடேறும்போது அந்தக் காற்று விரிந்து, இறுகாத ரெசினுக்குள் குமிழியாக ஏறி வருகிறது. கட்டை குளிரும்போது அதே காற்று சுருங்கி, ரெசினை நுண்துளைகளுக்குள் இழுத்துக்கொள்கிறது. ஆகவே, காலையில் ஊற்றி வெயில் ஏற ஏற இறுகவிடுவதைவிட, நம் ஊர் வெயிலில் பகல் முழுவதும் கட்டையைப் போட்டுவைத்து, சாயங்காலம் நிழலுக்குக் கொண்டுவந்து, கைக்கு இளஞ்சூடாக இருக்கும்போதே ஊற்றுவது மேல். முதலில் வண்ணம் சேர்க்காத ரெசினைப் பொந்தின் உட்சுவரில் மெல்லிய பூச்சாகத் தடவி, அது தொட்டால் ஒட்டும் பதத்துக்கு வந்ததும் மைக்கா தூள் என்னும் மினுமினுப்பான வண்ணப் பொடி கலந்த ரெசினை ஊற்றினால், பெரும்பாலான குமிழிகள் எழுவதே இல்லை. மைக்கா தூளைக் குறைவாகவே சேருங்கள். மினுமினுப்பு மிகுந்தால் மரம் கண்ணில் படாமல் போகும். சித்திரை வெயிலில் இன்னொன்றும் உண்டு. நான் ஊற்றும் எப்பாக்ஸி வகை ரெசினும் அதை இறுகவைக்கும் ஹார்டனரும் சேர்ந்தாலே தானாகச் சூடு பிறக்கும். கோப்பை நிறையக் கலந்து வைத்தால் அந்தச் சூடு வெளியேற வழியின்றி, ஊற்றி முடிப்பதற்குள் கலவை கெட்டியாகிவிடும்.

அம்பாசமுத்திரத்தில் மரச் செப்புச் சாமான் கடையும் பெரியவர் ஒருவரிடம் இப்படி நிரப்பிய கட்டையைக் காட்டினேன். பொந்தின் ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது அரக்கு மாதிரி சூட்டுக்கு எளகுமா?" என்றுதான் முதலில் கேட்டார். அவர் தொழிலில், சுழலும் மரத்தின்மேல் அரக்கை அழுத்தும்போது உராய்வில் பிறக்கும் சூடே வண்ணத்தை உருக்கிப் படியவைக்கிறது. ரெசினுக்கோ அந்தச் சூடு பகை. பேனாவின் பித்தளைக் குழல் உள்ளே அமர்வதற்காகக் கட்டையில் துளையிடும்போது, துளைக்கும் பிட் சூடேறினால் சுற்றியுள்ள ரெசின் இளகிப் பிட்டைப் பிடித்துக்கொள்ளும். கட்டை வெடித்துப் போவதும் உண்டு. 7 மில்லிமீட்டர் பிட்டை மெதுவாகச் சுழலவிட்டு, கொஞ்சம் இறங்கியதும் வெளியே இழுத்து, சீவலைத் தட்டிவிட்டு மறுபடி இறக்குவதை அவர் பட்டறையிலேயே செய்து காட்டினேன். அவர் பதிலுக்கு என் உளியை வாங்கித் தீட்டித் தந்தார். அந்த முனைக்கு, அதுவரை பொடியாகத் தெறித்துக்கொண்டிருந்த ரெசின் நீளமான சுருளாக உரிந்து வந்தது.

தென்காசியிலிருந்து ஓர் அன்பர்:

அண்ணாச்சி, நீங்கள் சொல்லும் சாயங்கால முறை எங்கள் ஊரில் பங்குனி, சித்திரையில் நன்றாகவே பலிக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் விழும் நாட்களில் வெயிலை நம்ப முடிவதில்லை. காய்ந்த கட்டையும் காற்றிலுள்ள ஈரத்தை மறுபடி இழுத்துக்கொள்கிறது. அதனால் கோடையிலேயே காயவைத்த கட்டைகளைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைக்கிறேன். எப்பாக்ஸியின் மேல் பிசுபிசுப்பான படலம் படிவதும் சாரல் காலத்தில்தான். அதை உப்புத்தாளால் தேய்த்தால் தாள்தான் அடைத்துக்கொள்ளும். வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்தால் போய்விடுகிறது. எனக்கு ஒரு சந்தேகம்: ஒளி ஊடுருவும் நிறங்களில் உள்ளே இருக்கும் பித்தளைக் குழல் மஞ்சளாகத் தெரியாமல் இருக்க என்ன செய்வது?

என் பதில்: தம்பி, குழலின் வெளிப்புறத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ரெசினின் நிறத்திலோ கறுப்பிலோ பெயின்ட் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். துளையின் உட்சுவருக்கும் அதே பெயின்ட்டைப் பூசி, ஒட்டுகிற எப்பாக்ஸியிலும் அந்த நிறத் தூளை ஒரு சிட்டிகை கலந்துவிட்டால், பசை படாத இடங்கள் வெளுத்துத் தெரியாது. கலக்கும்போது நைட்ரைல் கையுறையும், தேய்க்கும்போது முகமூடியும் அவசியம் போட்டுக்கொள்ளுங்கள். எப்பாக்ஸி ஒருமுறை தோலுக்கு ஒவ்வாமல் போய்விட்டால், பிறகு அதைத் தொடும்போதெல்லாம் அரிப்பும் தடிப்பும் வரும்.