ஸ்கிரிப்ட் என்பதற்கு ‘ஏவுநிரல்’: என் பரிந்துரையும் காரணமும்

நண்பர்களுக்கு வணக்கம்.

கணினிக்கோ அதிலுள்ள செயலிகளுக்கோ கொடுக்கும் கட்டளைகளை வரிசையாக எழுதிவைக்கும் நிரலை ‘ஸ்கிரிப்ட்’ என்கிறோம். அந்தச் சொல்லுக்குத் தமிழில் இதுவரை குறுநிரல், உரைநிரல், கட்டளைக்கோவை என்று மூன்று சொற்கள் இங்கே பேசப்பட்டிருக்கின்றன. மூன்றையும் என் வேலையில் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். நான் தனியாளாக மேசைக்கணினி மென்பொருள் எழுதித் தருபவன். வருகிற வேலையில் பாதிக்கு மேல் ஸ்கிரிப்ட் வேலைதான். வாடிக்கையாளருக்குக் கையேட்டைத் தமிழில் கொடுப்பதால் இந்தச் சொல் எனக்கு அன்றாடத் தேவை.

குறுநிரல் சரிப்படாது. இருபது வரியில் பிறந்த ஸ்கிரிப்ட் இரண்டாயிரம் வரிக்கு வளர்ந்துவிடுகிறது. அப்போது அதை என்னவென்று அழைப்பது?

உரைநிரல் ஏற்கெனவே சில இடங்களில் புழங்குகிறது, அதனால் தயக்கத்தோடுதான் சொல்கிறேன். உரையாக எழுதப்படாத நிரல் எது? சி மொழியில் எழுதுவதும் உரைதான். நிரலைக் கணினியின் மொழிக்கு மாற்றித் தரும் நிரல்பெயர்ப்பி (கம்பைலர்) இல்லாமல், எழுதிய உரையே ஓடுகிறது என்பதுதான் வேறுபாடு என்பார்கள். அந்தக் கோடும் இன்று மங்கிவிட்டது. ஸ்கிரிப்ட் மொழி என்று சொல்லப்படும் பைத்தான்கூட நாம் எழுதியதை முதலில் பைட்கோடு என்ற இடைநிலை வடிவமாக மாற்றிக்கொண்டுதான் ஓட்டுகிறது.

கட்டளைக்கோவை எனக்கு மிகவும் பிடித்த சொல். கட்டளைகளைக் கோத்து வைப்பது என்ற பொருள் அழகாக விழுகிறது. ஆனால் இலங்கையில் கோவை என்றாலே ஃபைல். அங்கே ஒருவர் ஸ்கிரிப்ட் ஃபைலைக் ‘கட்டளைக்கோவைக் கோவை’ என்று சொல்ல வேண்டிவரும். நாம் ஃபைலுக்குச் சொல்லும் கோப்பும் அதே ‘கோ’ வேரில் வந்ததுதான். இரு கரைக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டுமென்றால் இதை விட்டுவிடத்தான் வேண்டும். மனமில்லாமல்தான் விடுகிறேன்.

அப்புறம், இந்தச் சொல்லைப் பற்றி என்னை உண்மையாக யோசிக்க வைத்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். ஒரு வாடிக்கையாளரிடம் பழைய கணக்குச் செயலி ஒன்று இருந்தது. தகவலை உள்ளே அனுப்ப அதில் வேறு வழியே கிடையாது, திரையில் தட்டித்தான் ஏற்ற வேண்டும். நமக்குப் பதிலாக விசைகளைத் தட்டும் ஆட்டோஹாட்கீ என்ற கருவியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். எக்செலிலிருந்து ஒரு வரியை எடுக்கும், கணக்குச் செயலியின் சாளரத்துக்குப் போகும், எண், டேப், எண், டேப், என்டர் என்று தட்டும். மாதக்கணக்கில் நன்றாக ஓடியது. ஒருநாள் அந்தச் செயலி திறந்ததும் ‘புதிய பதிப்பு வந்திருக்கிறது, நிறுவவா?’ என்று ஒரு சிறு சாளரத்தைக் காட்டியிருக்கிறது. என் ஸ்கிரிப்ட் தட்டிய முதல் என்டர் அதற்கு ‘ஆம்’ ஆகிவிட்டது. அதன் பிறகு தட்டிய எண்கள் ஒன்றும் சேர வேண்டிய இடத்தில் சேரவில்லை.

‘உங்கள் நிரல் கெட்டுப்போய்விட்டது’ என்றார் வாடிக்கையாளர். அதில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஒவ்வொரு வரிக்கு முன்னும் சாளரத்தின் தலைப்பைச் சரிபார்க்காதது என் பிழை. இப்போது தவறாமல் செய்கிறேன். ஆனால் இந்த நிரல் தானாக எதையும் கணக்குப் போடுவதில்லை, இன்னொரு செயலியை வேலை வாங்குகிறது, அந்தச் செயலி மாறினால் இதுவும் தடுமாறும் என்பதை அவருக்குப் புரியவைக்க என்னிடம் ஒரு சொல் இல்லை. ‘உரை’ என்பதும் ‘குறு’ என்பதும் அதைச் சொல்லவில்லை.

வரலாறும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 1960களின் முற்பகுதியில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவான சிடிஎஸ்எஸ் என்ற இயங்குதளத்தில் பிரெஞ்சுக் கணினியியலாளர் லூயி பூசான், ஒரு கோப்பில் எழுதிவைத்த கட்டளைகளை வரிசையாக ஓட்ட ஒரு நிரல் எழுதினார். அதன் பெயர் ரன்காம், அதாவது ‘கட்டளைகளை ஓட்டு’. இன்றும் லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில் பாஷ்ஆர்சி (.bashrc) போன்ற அமைப்புக் கோப்புப் பெயர்களின் வாலில் இருக்கும் ‘ஆர்சி’ அதன் மிச்சம். டிசிஎல் என்ற ஸ்கிரிப்ட் மொழியை உருவாக்கிய ஜான் ஆஸ்டர்ஹவுட்டும் 1998இல் எழுதிய கட்டுரையில், ஏற்கெனவே இருக்கும் பாகங்களை ஒட்டவைப்பதுதான் இவ்வகை மொழிகளின் வேலை என்றார். பிறரை வேலை வாங்குவதுதான் இதன் இயல்பு.

அதற்குத் தமிழில் ‘ஏவு’ இருக்கிறது. இயங்குதளத்துக்கே கட்டளையிடும் ஷெல் ஸ்கிரிப்டின் வரிகளைப் பாருங்கள்: நகலெடு, நகர்த்து, தேடு, அழி. பள்ளியில் படித்த ஏவல் வினைமுற்று அப்படியே வரிசை கட்டி நிற்கிறது. ஆகவே என் பரிந்துரை ஏவுநிரல். ஏவல்நிரல் என்றும் சொல்லலாம்தான், ஆனால் புணர்ச்சி விதியைப் பிடித்தால் சொல்லின் உருவே மாறிவிடும். ஏவுநிரல் வினைத்தொகை, ஏவிய, ஏவுகிற, ஏவும் நிரல் என மூன்று காலத்துக்கும் பொருந்தும்.

ஏவுகணை நினைவுக்கு வருமே என்று கேட்பீர்கள். வரட்டும். அங்கே ஏவப்படுவது கணை, இங்கே ஏவுவது நிரல்; காயே ஊறும் ஊறுகாயையும், நாம் குடிக்கும் குடிநீரையும் குழப்பிக்கொள்ளாத நமக்கு இது சிரமமில்லை. ஏவுநிரல் மொழி, ஏவுநிரலாக்கம், ஏவுநிரல் கோப்பு என்று கிளைச்சொற்களும் தடங்கலின்றி வருகின்றன. ஜாவாஸ்கிரிப்ட் ஒரு பெயர், அதைத் தொட வேண்டாம். மேக்ரோவுக்குத் தனியாகப் பேசுவோம். எக்செல் போன்ற ஒரே செயலிக்குள் பதிவு செய்துவைத்த கட்டளைகளாக அடங்கிக் கிடக்கும் மேக்ரோவை இதில் சேர்க்கலாமா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

புதிய கையேட்டின் முதல் பத்தியை இப்படி எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்:

“இந்த ஏவுநிரல் உங்கள் கணினியிலுள்ள எக்செலையும் கணக்குச் செயலியையும் ஏவி, நீங்கள் கையால் செய்துவந்த பதிவுகளைச் செய்கிறது. அவற்றில் ஒன்றைப் புதுப்பிக்கும் முன் எனக்குத் தெரிவியுங்கள். புதிய பதிப்புக்கு ஏற்ப ஏவுநிரலையும் திருத்த வேண்டியிருக்கலாம்.”