முதலாளி தனக்குத் தானே சம்பளம் போட்டுக்கொள்ள முடியாதா? 4.8 லட்சத்தைத் தூக்கி டிராயிங்ஸில் வைத்துவிட்டார் ஆடிட்டர்

லேத்_பட்டறை:

கோயம்புத்தூர் கணபதியில் சின்ன லேத் பட்டறை, பம்ப் செட் பாகங்களுக்கு ஜாப் ஒர்க். ப்ரொப்ரைட்டர்ஷிப்தான், என் ஒருவன் பெயரில். மாதா மாதம் 5ஆம் தேதி பையன்களுக்குச் சம்பளம் போடும்போதே எனக்கும் 40,000 ரூபாயை கரண்ட் அக்கவுண்டிலிருந்து சேவிங்ஸுக்கு மாற்றிக்கொள்வேன். பகுதி நேரமாக வந்து டேலி சாஃப்ட்வேரில் கணக்கு எழுதும் தம்பி அதையும் சம்பளக் கணக்கிலேயே எழுதிவந்தார், பழைய ஆடிட்டரும் ஒன்றும் சொன்னதில்லை. இப்போது புதிதாக ஒருவரிடம் ஃபைலைக் கொடுத்தால், 2024-25 கணக்கைத் திறந்து பார்த்து, என்னுடைய 4,80,000 ரூபாயை அப்படியே எடுத்து, முதலாளி சொந்தத்துக்கு எடுத்த பணத்தை எழுதும் டிராயிங்ஸ் கணக்கில் வைத்துவிட்டு, உங்கள் லாபம் 6.9 லட்சம் இல்லை, 11.7 லட்சம் என்கிறார். காலை எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கினால் ராத்திரி வரை மெஷினில் நிற்பவன் நான். எனக்குச் சம்பளம் கிடையாதா?

இன்னொன்று. ஏப்ரலிலிருந்து மச்சானைச் சேர்த்துக்கொண்டு பார்ட்னர்ஷிப் ஆக்கலாம் என்று வீட்டில் பேச்சு. அப்போதும் இதே கதைதானா?

பேரேடு:

புது ஆடிட்டர் சொன்னதுதான் சரி. ப்ரொப்ரைட்டர்ஷிப்பில் நீங்களும் பட்டறையும் ஒரே ஆள், பான் கார்டும் ஒன்றுதான். உங்களுக்கு நீங்களே சம்பளம் கொடுப்பது சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பேன்ட் பையில் வைப்பது மாதிரி. அது செலவு ஆகாது, உங்கள் கேபிடல் கணக்கில் பற்று, அவ்வளவுதான். 40,000 எடுத்தாலும் வரி லாபத்துக்குத்தான், எடுக்காமல் விட்டாலும் லாபத்துக்குத்தான்.

உங்கள் பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. 2024-25க்குப் புதிய வரி முறையில் 6.9 லட்சம் காட்டியிருந்தால் 7 லட்சத்துக்குள் என்று ரிபேட் என்ற வரித் தள்ளுபடியில் வரியே வந்திருக்காது. அந்த 4.8 லட்சத்தை ரிட்டர்னில் வேறு எங்கும் வருமானமாகக் காட்டவில்லையென்றால், 11.7 லட்சத்துக்கு செஸ்ஸோடு 78,520 ரூபாய் வரி வருகிறது. கெடு போய்விட்டதால், போட்டதைத் திருத்தும் ரிவைஸ்டு ரிட்டர்ன் போட முடியாது, கூடுதல் தொகை கட்டிப் பிறகு போடும் அப்டேட்டட் ரிட்டர்ன்தான். 2027 மார்ச் 31க்குள் போட்டால் வரியும் வட்டியும் சேர்ந்த தொகையில் கூடுதலாக 25 சதவீதம், அதற்குப் பிறகு 50, 60, 70 என்று ஏறும். நோட்டீஸ் வருமுன் முடித்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய வருடங்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சூலூர்க்காரன்:

இதற்கு ஏன் இவ்வளவு கஷ்டம்? வீட்டம்மாவை வேலையில் வைத்த மாதிரி காட்டி அவர் பெயரில் 40,000 போடுங்கள். நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

பேரேடு:

@சூலூர்க்காரன் அந்த வேலைக்கு வேண்டிய தொழில்நுட்ப அல்லது தொழில்முறைத் தகுதி அவரிடம் இருந்து, அதற்காகத்தான் சம்பளம் என்றால் சரி. இல்லாவிட்டால் மனைவியின் சம்பளம் திரும்பக் கணவன் வருமானத்தோடுதான் சேரும். மார்க்கெட் நிலவரத்துக்கு மேல் கொடுத்தால் மிச்சத்தைச் செலவாகவே ஏற்கமாட்டார்கள். செய்கிறவர்கள் நிறைய, மாட்டாதவர்களும் நிறைய, அதை நம்பி ஒருவருக்கு யோசனை சொல்லாதீர்கள்.

ரெண்டாம்_பங்காளி:

பார்ட்னர்ஷிப் பற்றி நான் சொல்கிறேன், பட்டவன். நானும் அண்ணனும் பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கிறோம். தெரிந்தவரிடம் ஒரு பழைய பார்ட்னர்ஷிப் டீட் (ஒப்பந்தப் பத்திரம்) வாங்கி, பெயரை மட்டும் மாற்றி ஸ்டாம்ப் பேப்பரில் அடித்தோம். அதில் சம்பளம் பற்றி ஒரே வரி: ‘பங்குதாரர்கள் அவ்வப்போது பரஸ்பரம் முடிவு செய்தபடி’. அந்த வருடம் இருவரும் சேர்ந்து எடுத்த 6 லட்சத்தையும் வரித் துறை அசெஸ்மென்ட்டில் செலவாக ஏற்காமல் தள்ளிவிட்டார்கள். தொகையையோ அதைக் கணக்கிடும் முறையையோ டீட் சொல்ல வேண்டும் என்று 1996லேயே 739ஆம் எண் சர்க்குலர் இருக்கிறதாம். எங்களுக்கு யார் சொன்னார்கள்? 6 லட்சத்துக்கு 31.2 சதவீதம், 1,87,200 ரூபாய், வட்டி தனி.

பங்குதாரர் சம்பளத்துக்கு இப்போதுள்ள வரம்பு: புக் பிராஃபிட்டில் (அந்தச் சம்பளத்தைக் கழிக்குமுன் உள்ள லாபம்) முதல் 6 லட்சத்துக்கு 90 சதவீதம் அல்லது 3 லட்சம், எது அதிகமோ அது. மீதிக்கு 60 சதவீதம். மூலதன வட்டி 12 சதவீதம் வரை, அதையும் டீட் சொல்லியிருக்க வேண்டும். வட்டி போக 14 லட்சம் நிற்கிறது என்று வையுங்கள். 5.4, அப்புறம் 8 லட்சத்தில் 4.8, ஆக 10.2 லட்சம் சம்பளம் போகும். ஃபர்முக்கு 3.8 லட்சத்துக்கு மட்டும் வரி, 1,18,560. டீடில் சம்பளம் பற்றிய வாசகம் சரியாக இல்லாவிட்டால் 14 லட்சத்துக்கும் கட்ட வேண்டும், 4,36,800. உங்கள் கையிலும் மச்சான் கையிலும் வருவது ஆளுக்கு 5.1 லட்சம். வேறு பெரிய வருமானம் இல்லாதவரை, இப்போதைய 12 லட்சம் ரிபேட்டில் அங்கே வரி வராது. மிச்ச லாபத்தில் வரும் பங்குக்குப் பங்குதாரர் கையில் வரியே கிடையாது.

பேரேடு:

மேலே சொன்னது சரி, மூன்று விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். மச்சான் உண்மையில் பட்டறைக்கு வந்து வேலை செய்ய வேண்டும், பணம் மட்டும் போடுகிற பங்குதாரருக்குச் சம்பளம் செல்லாது, வட்டி மட்டும்தான். டீட் தேதிக்கு முந்தைய மாதங்களுக்குச் சம்பளம் போட முடியாது. அப்புறம் 2025 ஏப்ரலிலிருந்து, ஒரு பங்குதாரருக்குச் சம்பளமும் வட்டியும் சேர்த்து வருடத்துக்கு 20,000 தாண்டினாலே ஃபர்ம் 10 சதவீதம் டிடிஎஸ் (கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வரி) பிடிக்க வேண்டும். கையில் கொடுக்காமல் கேபிடல் கணக்கில் வரவு வைத்தாலும் பிடிக்க வேண்டும். டர்ன்ஓவர் சின்னது என்பதெல்லாம் இங்கே செல்லாது. அதனால் ஃபர்ம் பெயரில் முதலில் டிடிஎஸ் கட்டுவதற்கான டான் நம்பர் வாங்குங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் வருட வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள்தான் வேறு.

பெயர் சம்பளம் என்றாலும் அது உங்கள் கையில் தொழில் வருமானம்தான், சம்பளக்காரர்களுக்குக் கழிக்கும் 75,000 ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கிடைக்காது. அது வேண்டுமென்றால் பிரைவேட் லிமிடெட் ஆக்கி டைரக்டராகச் சம்பளம் வாங்க வேண்டும், ஆனால் அங்கே இஷ்டத்துக்குக் கம்பெனிக் கணக்கிலிருந்து கைமாற்று எடுத்தால் டிவிடெண்ட் என்று வரி போட்டுவிடுவார்கள். உங்கள் அளவுக்கு அது வேண்டாம்.

லேத்_பட்டறை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தேன். 40,000 மட்டுமில்லை, ஜிபே வைத்திருப்பதும் அதே கரண்ட் அக்கவுண்டில்தான். பால்காரர் 1,860, பொண்ணு டான்ஸ் கிளாஸ் 1,200, மாமனார் ஸ்கேன் 3,500. தம்பி எல்லாவற்றையும் ‘பட்டறை இதரச் செலவு’ என்று போட்டு வைத்திருக்கிறார். இதுவும் டிராயிங்ஸ்தானே?

பேரேடு:

ஆமாம், எல்லாமே. அப்படியென்றால் லாபம் 11.7லும் நிற்காது. அதை முழுதாகக் கூட்டிய பிறகு அப்டேட்டட் ரிட்டர்ன் போடுங்கள், ஒரு வருடக் கணக்குக்கு ஒரே ஒருமுறைதான் போட முடியும். இன்றைக்கே ஜிபேயைச் சேவிங்ஸுக்கு மாற்றுங்கள்.