மாடிக்கு ரெண்டாவது ரவுட்டர்

குழு: நம்ம வீட்டு ஆளுங்க

அக்கா: மாடி ரூம்ல வைஃபை சரியில்ல, இன்னைக்கும் ஆன்லைன் கிளாஸ் நின்னு நின்னுதான் வந்துச்சு. படிக்கட்டுல வந்து உக்காந்தா நல்லா கேக்குது

அப்பா: நெட் பிளானை மாத்திடலாமா? 100 எம்பிபிஎஸ் ஸ்பீடுக்குப் பதிலா 300?

அண்ணன்: வேணாம் சித்தப்பா, காசு தண்டம். ஹால்ல ஸ்பீடு நல்லாத்தானே வருது? நடுவுல கான்கிரீட் தளம். சிக்னல் அதைத் தாண்டுறதுக்குள்ள தேய்ஞ்சிடுது. பழைய ரவுட்டர் இருக்கா?

அம்மா: பீரோ மேல கிடக்கு தம்பி. எடைக்குப் போடலாம்னு இருந்தேன்

அண்ணன்: போட்டுடாதீங்க சித்தி 🙏 அதுவே போதும்

நான்: பிளக்ல சொருவி வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்புற ரிப்பீட்டர் வாங்கினா ஆகாதா?

அண்ணன்: ஒயர் இழுக்கவே வழியில்லாத வீட்டுக்கு அது சரி. விலை கம்மியானதுல வேகம் பாதியாயிடும். நமக்குத்தான் பழைய கேபிள் டிவி பைப் மாடி வரைக்கும் போகுதே, அதுல கேட் 6ங்கிற நெட்வொர்க் ஒயர் விடலாம். 100 மீட்டர் வரை தாங்கும். கரண்ட் ஒயர் போற பைப்புல மட்டும் விடாதீங்க

அப்பா: ஒயரைச் சொருவினா முடிஞ்சுதா?

அண்ணன்: இல்ல சித்தப்பா, இங்கதான் கவனம் வேணும். ஒவ்வொரு ஃபோனுக்கும் ஐபி நம்பர், அதாவது நெட்வொர்க்ல அதோட விலாசம், குடுக்குறது கீழ இருக்கிற ரவுட்டர். பழசும் குடுக்க ஆரம்பிச்சா ஒரு ஃபோன்ல நெட் வரும், இன்னொண்ணுல வராது, காரணமே பிடிபடாது. அதனால பழசுல டிஹெச்சிபியை, அதான் இந்த நம்பர் குடுக்குற வேலையை, நிறுத்தியே ஆகணும்

அண்ணன்: பாப்பா, கீழ ரவுட்டர் எந்த நம்பர்லேர்ந்து குடுக்குதுன்னு பாரு

அக்கா: 192.168.1.100லேர்ந்து 200 வரைக்கும். அதோட சொந்த நம்பர் 192.168.1.1

அண்ணன்: நல்லது. பழசை ரீசெட் பண்ணி, லேப்டாப்போட மட்டும் ஒயர்ல சேரு. வைஃபை பேரு, பாஸ்வேர்டு ரெண்டும் கீழ உள்ளதேதான். ஒண்ணோட ஒண்ணு மோதாம இருக்க, கீழ வைஃபை சேனல் (அலைவரிசை) 1ன்னா மேல 6 இல்லேன்னா 11 வை. அப்புறம் பழசோட சொந்த நம்பரை (லேன் ஐபி) 192.168.1.2ன்னு மாத்து, அது அந்த 100-200க்குள்ள வராது. கடைசியா டிஹெச்சிபி ஆஃப்

நான்: புது ரவுட்டர்ல, வைஃபை மட்டும் குடுக்குற ஆக்சஸ் பாயிண்ட் மோடுன்னு இருக்குமே?

அண்ணன்: இருந்தா அதை ஆன் பண்ணாலே போதும், மத்ததை அதுவே பாத்துக்கும்

அக்கா: இதுல இல்ல. எல்லாம் மாத்திட்டேன். கீழயிருந்து வர்ற ஒயர், வெளி நெட்டுக்குன்னு இருக்கிற வேன் (WAN) ஓட்டைலயா?

அண்ணன்: இல்லம்மா, வீட்டுக்குள்ள இருக்கிறதைச் சேக்குற லேன் (LAN) ஓட்டை! வேன்ல போட்டா மாடி தனி நெட்வொர்க் ஆயிடும், உன் ரூம் பிரிண்டர் கீழ இருக்கிறவங்களுக்குத் தெரியாது

அக்கா: லேன்லயே போட்டாச்சு. மாடில ஸ்பீடு 92 வருது அண்ணா!! 😍 படிக்கட்டுல ஏறி இறங்குனேன், வீடியோ கால் கட் ஆகல

அம்மா: அப்பாடா. கரண்ட் போனா?

அண்ணன்: கீழ நெட் வர்ற ஃபைபர் பெட்டி, ரெண்டு ரவுட்டர், எல்லாமே இன்வெர்ட்டர் லைன்ல இருக்கணும் சித்தி

அப்பா: மாடில ஃபேன் பாயிண்ட் மட்டும்தான் இன்வெர்ட்டர்ல இருக்கு. எலக்ட்ரீஷியனை நாளைக்கு வரச் சொல்றேன்