ரெனால்ட்ஸ் 531 பிரேமுக்குள் இறுகிப்போன சீட் போஸ்ட்

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வசிக்கும் நான், 1970-களில் இந்நாட்டுக் கைவினைஞர் ஒருவர் ரெனால்ட்ஸ் 531 எஃகுக் குழாய்களை லக்குகளில் (குழாய்கள் இணையும் இடங்களில் வரும் உலோக உறைகள்) பொருத்திப் பித்தளையால் பற்றவைத்துச் செய்த ரோடு சைக்கிள் பிரேம் ஒன்றைக் கடந்த மார்ச் மாதம் வாங்கினேன். அதன் 27.2 மி.மீ. அலுமினிய சீட் போஸ்ட் (இருக்கையைத் தாங்கும் தண்டு), பல ஆண்டுகள் ஈரமான கொட்டகையில் கிடந்ததால், எஃகுக் குழாயோடு அரித்துப் பிணைந்து, ஒரு நூலளவும் அசைய மறுக்கிறது.

பிரேமைத் தலைகீழாக நிறுத்தி, பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு பொருந்தும் கூடு) வழியாகத் துருநீக்கி எண்ணெயை மூன்று வாரங்கள் விட்டுவந்தேன். பிறகு ஐந்து நாள் அம்மோனியாவும் ஊற்றிப் பார்த்தேன். சூடாக்கினால் எஃகைவிட அலுமினியமே அதிகம் விரிந்து மேலும் இறுகும் என்பதால், பனிக்கட்டி வைத்துக் குளிர்வித்துப் பார்த்தேன்; அதிலும் பயனில்லை. கடைசியாகப் போஸ்டின் தலையைப் பெஞ்ச் வைஸில் பிடித்துப் பிரேமையே நெம்புகோலாகத் திருப்பினேன்; சீட் லக்கின் அருகே நெரியும் ஒலி கேட்டதும் நிறுத்திவிட்டேன். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனுள்ள அந்தக் குழாய் முறுக்கிக்கொண்டால், அந்தக் கைவினைஞர் அரத்தால் தேய்த்து மெலிதாக்கிய லக் முனைகளும் போய்விடும். அந்த வேலைப்பாட்டுக்காகவே இதை வாங்கினேன்.

காஸ்டிக் சோடா அலுமினியத்தை மட்டும் கரைக்கும் என்பது தெரியும். ஆனால் அது வண்ணப்பூச்சையும் உரித்துவிடும், இதிலோ முதலில் அடித்த நீலப் பூச்சு இன்னும் அப்படியே இருக்கிறது.

பூச்சுக்குச் சேதமில்லாமல் காஸ்டிக் சோடாவை இத்தகைய பிரேமில் பயன்படுத்தியவர்கள், கசிவை எப்படித் தடுத்தீர்கள்?