டிப்ஸ் வரும், சம்பளம் வராது: பார் கவுண்டருக்குப் பின்னால் ஒரு கணக்கு

ஹூஸ்டனிலிருந்து:

எங்கள் பாரில் புதிதாகச் சேருகிற ஆட்கள் முதல் பே ஸ்டப்பை, அதாவது சம்பளச் சீட்டைப் பார்த்ததும் நேராக மேனேஜரிடம் ஓடுவார்கள். கைக்கு வரும் தொகை என்ற இடத்தில் 0.00 என்று இருக்கும். தப்பு ஒன்றும் இல்லை, கணக்கு அப்படித்தான்.

டெக்சஸில் டிப்ஸ் வாங்கும் வேலைக்கு முதலாளி தரவேண்டிய கூலி மணிக்கு 2.13 டாலர். 1991இல் வைத்த தொகை, இன்னும் ஏறவில்லை. டிப்ஸையும் சேர்த்து குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 7.25 தேறாவிட்டால்தான் மீதியை அவர் போடவேண்டும். வாரம் 30 மணி நேரம் வேலை, 700 டாலர் டிப்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூலி 63.90. ஓய்வூதியத்துக்கான சோஷியல் செக்யூரிட்டி, முதுமைக்கால மருத்துவத்துக்கான மெடிகேர் இரண்டும் சேர்ந்து 7.65%, அதை டிப்ஸுக்கும் சேர்த்துத்தான் பிடிப்பார்கள். 58 டாலர் போச்சு. மிச்சம் ஐந்தரை டாலர் வருமான வரிக்கு. அதுவும் போதாமல் நிற்கும் பாக்கி ஏப்ரலில் தாக்கல் செய்யும்போது வந்து நிற்கும். இங்கே மாநில வருமான வரி இல்லாதது ஒரு நிம்மதி.

2025இல் வந்த சட்டத்தைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். டிப்ஸுக்கு இனி வரியே இல்லை என்பது பாதி உண்மை. 2028 வரை, வருடத்துக்கு 25,000 டாலர் வரையிலான டிப்ஸை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அந்த 7.65% அப்படியே இருக்கிறது. பெரிய கூட்டம் வந்தால் பில்லிலேயே கட்டாயமாகச் சேர்க்கிறார்களே, அந்தத் தொகைக்கும் இந்தச் சலுகை கிடையாது. மனமுவந்து கொடுத்தது மட்டும்தான் கணக்கு.

ரொக்கத்தைக் குறைத்துக் காட்டச் சொல்லும் அண்ணன்மார்கள் எல்லா பாரிலும் உண்டு. கேட்காதீர்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், வாடகைக்கு வீடு பிடிக்கப் போனால் வருமானத்துக்கு அத்தாட்சி கேட்பார்கள். காட்டாத காசு அங்கே இல்லாத காசு.

மான்செஸ்டரிலிருந்து:

அண்ணா சொன்னதைப் படித்தால் மயக்கமே வருகிறது. இங்கே தலைகீழ். டிப்ஸைக் காட்டிக் குறைந்தபட்சக் கூலியைக் குறைக்க முடியாது. 2025 ஏப்ரலில் 21 வயது நிறைந்தவர்களுக்கு மணிக்கு 12.21 பவுண்டு ஆனது. மாணவர் விசாவில், வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான். அந்தக் கூலியில் அதற்கு 244.20 வந்தது. அதில் நேஷனல் இன்ஷூரன்ஸ் என்ற சமூகக் காப்பீட்டுப் பிடித்தம் 18 பென்ஸ்தான், நம்பினால் நம்புங்கள்! இரண்டாவது வேலை என்று பதிவாகி 'பிஆர்' டாக்ஸ் கோட் விழுந்தால் மட்டும் முதல் பவுண்டிலிருந்தே 20% போகும். உடனே கேட்டுச் சரிசெய்துவிடுங்கள்.

ஆனால் பப்பில் டிப்ஸ் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வயதானவர்கள் சிலர், "உனக்கும் ஒன்று வைத்துக்கொள்" என்பார்கள். குடிக்காமல் அதன் விலையை டிப்ஸ் ஜாரில் போட்டுக்கொள்வோம். கார்டில் வருவதை 2024 அக்டோபர் முதல் முதலாளி பிடித்துவைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது.

சென்னையிலிருந்து:

ஸ்டார் ஹோட்டல் பார். சம்பளத்தைவிட டிப்ஸ்தான் வீட்டை ஓட்டுகிறது, ஆனால் பிஎஃப் கணக்கில் அது ஏறாது. கார்டில் வரும் டிப்ஸை ஹோட்டல் எங்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் அது சம்பளம் ஆகாது, டிடிஎஸ் (கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) பிடிக்கவேண்டியதில்லை என்று 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்காக வரியே இல்லை என்று அர்த்தமில்லை, வேறு வருமானம் என்று நாமே காட்டவேண்டும். எங்களைப் போன்றவர்கள் புதிய வரி முறையில் வரி விழாத 12 லட்சத்துக்குள் இருப்பதால் கையைக் கடிப்பதில்லை.

எங்களுக்கு இடிக்கிற இடம் டிரை டே, மது விற்கக் கூடாத நாள். ஜனவரியில் திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், குடியரசு தினம் என்று மூன்றும் வரிசையாக வரும்போது அந்த மாத டிப்ஸ் படுத்துவிடும். ஹூஸ்டன் அண்ணா, பார் மூடியிருக்கும் நாளுக்கு அந்த 2.13ஆவது உண்டா?