ஹோமிசைட், மர்டர், மேன்ஸ்லாட்டர்: மூன்றும் 'கொலை'தானா?

வணக்கம். ஹோமிசைட் (homicide), மர்டர் (murder), மேன்ஸ்லாட்டர் (manslaughter, மர்டரைவிடக் குறைந்த குற்றமாகச் சட்டம் கருதும் உயிர்பறிப்பு) ஆகியவற்றைத் தமிழில் எப்படி எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் எழுதிய வரிகளை மேலே வைத்து, கீழே என் பதிலைத் தருகிறேன்.

> ஹோமிசைட், மர்டர் இரண்டையும் 'கொலை' என்றே எழுதலாம். படிப்பவருக்குப் புரிந்துவிடும்.

புரியும், தவறாக. அமெரிக்காவில் பிணக்கூறாய்வு செய்யும் மருத்துவர் இறப்பை இயற்கை, விபத்து, தற்கொலை, ஹோமிசைட், தீர்மானிக்க இயலாதது என்று ஐந்தில் ஒன்றாகக் குறிப்பார். நான்காவதற்கு, ஒருவர் செயலால் இன்னொருவர் இறந்தார் என்பது மட்டுமே பொருள். தற்காப்புக்காகச் சுட்டவரும் அந்தக் கணக்கில் வருவார். 'கொலை என மருத்துவர் அறிவித்தார்' என்று நாம் எழுதினால், வழக்கு தொடங்குமுன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது.

கொலைகாரன், கொலைபாதகம், கொலைவெறி என்று அந்தச் சொல்லில் பழி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே அதை மர்டருக்கே விட்டுவிடலாம்.

> 'மனிதக்கொலை' இருக்கிறதே?

தனியாக நிற்கும்போது குறையில்லை. ஆனால் 2024 வரை நடப்பில் இருந்த, 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில், குற்றமான ஹோமிசைட் எல்லாம் மர்டர் ஆகாது என்றொரு பாகுபாடு இருந்தது. அதைத் தமிழில் எழுதிப் பாருங்கள்: 'கொலையாகாத மனிதக்கொலை'. இதை வைத்து ஒரு வழக்கறிஞர் சிரிக்காமல் எப்படி வாதாடுவார்?

ஹோமிசைடுக்கு என் முன்மொழிவு 'ஆட்கோறல்'. கோறல் என்றால் கொல்லுதல். 'கோறல் பிறவினை எல்லாந் தரும்' என்கிறது 321-ஆம் குறள். அங்கும் அது பாவம்தான், மறுக்கவில்லை. ஆனால் வழக்கொழிந்த சொல் என்பதால் இன்றைய காதில் பழி ஒலிக்காது. கலைச்சொல்லுக்கு அது வசதி.

> மேன்ஸ்லாட்டருக்குக் 'கைப்பிழைக் கொலை' எப்படி?

கேட்க அழகாக இருக்கிறது. பாதிக்குத்தான் பொருந்தும். பெருங்கவனக்குறைவால் உயிர் போனால் சரி. ஆனால் ஆங்கிலேயச் சட்டத்தில், கொல்லவேண்டும் என்று நினைத்தே கொன்றவரும் மேன்ஸ்லாட்டருக்குள் வரலாம். மனநிலை பாதிப்பால் பொறுப்புணர்வு குறைந்திருந்தது என்று காட்டினால் குற்றம் மர்டரிலிருந்து இறங்கிவிடும். 1957-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடம் தந்தது. அவர் கை பிழைக்கவில்லை, குறிபார்த்தே செய்தார். 'தற்செயல் கொலை' என்று எழுதுவோரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். எனவே 'கொலையாகா ஆட்கோறல்'. சற்று நீளம்தான், ஆனால் பொய் சொல்லாது. (ஆங்கிலச் சொல்லை மட்டும் என்ன வாழ்கிறது? தவறான இடத்தில் பிரித்தால் man's laughter, 'மனிதனின் சிரிப்பு' ஆகிவிடும்.)

அசாசினேஷன் (assassination, பெயர்பெற்ற ஒருவரைக் குறிவைத்துக் கொல்லுதல்) பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1919-இல் ஜாலியன்வாலா பாக்கில் நடந்ததும் படுகொலை, 1948-இல் காந்தி சுடப்பட்டதும் படுகொலை என்றே எழுதிவருகிறோம். படுதோல்வியில் உள்ள அதே 'படு', மிகுதியைச் சொல்வது. அதனால் முதலாவதற்கே அது தகும். இரண்டாவதற்கு 'அரசியற்கொலை' என்று எழுதிவருகிறேன். மதத் தலைவரையோ பாடகரையோ குறிவைத்துக் கொன்றால் அது உதவவில்லை. நல்ல சொல் இருந்தால் அனுப்புங்கள்.