பொருள்: 'சர்ப்ரைஸ்டு' – தமிழில் என்ன?

அனைவருக்கும் வணக்கம்.
டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் விளையாட்டு) விதிச்சுருக்கம் ஒன்றை மாணவர்களுக்காகத் தமிழில் போடுகிறோம். சனிக்கிழமை அச்சு. 2014 விதிப்படி (ஐந்தாம் பதிப்பு), பதுங்கி வருகிறவனின் பகடை நம் ஆளின் 'பாஸிவ் பெர்செப்ஷன்' (தேடாமலே கவனிக்கும் திறன்) எண்ணைத் தாண்டினால் நம் ஆள் 'சர்ப்ரைஸ்டு'. முதல் சுற்றில் நகரவும் முடியாது, அடிக்கவும் முடியாது. 'ஆச்சரியம்' என்று எழுதினேன், பையன்கள் சிரிக்கிறார்கள். விழித்திருக்கும்வரை இந்த நிலை வராமல் காக்கும் 'அலர்ட்' திறனுக்கும் பெயர் வேண்டும்.
– கு.

'கரந்தடி' இருக்கிறதே! கரந்தடிப் போர் (மறைந்திருந்து தாக்கும் போர்) என்றால் ஈழத்தில் எல்லோருக்கும் தெரியும். தொல்காப்பியத்தின் வெட்சியே 'வேற்றுப்புலக் களவின் ஆதந்து ஓம்பல்', அதாவது பகைவர் நாட்டு ஆநிரையைக் களவாகக் கவர்ந்து வந்து காப்பது தானே. கவர்ந்ததை மீட்பது கரந்தை. கரத்தல், கரவு, கரந்தை எல்லாம் ஒரே வேர் என்பது என் துணிபு. விரிவாகத் தனி மடலில்.
– ந.

ந. ஐயா, கரந்தை ஒரு பூ. அதை விட்டுவிடுங்கள். கரந்தடி அடிக்கிறவன் செயல். விதி சொல்வது அடிபடுகிறவன் நிலையை. 'திகைப்பு' என்றால் 'ஸ்டன்டு' (அடிபட்டுச் செயலற்று நிற்கும் நிலை) வரும்போது கையில் சொல் இருக்காது. 'அசந்த நிலை' போதும். அசந்த நேரத்தில் அடித்துவிட்டான் என்றுதானே சொல்கிறோம்?
– மீ.

அசத்தல் இன்று தொலைக்காட்சிச் சொல். வள்ளுவர் 'பொச்சாவாமை' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். சர்ப்ரைஸ் பொச்சாப்பு, அலர்ட் பொச்சாவாமை. வேறென்ன வேண்டும்?
– த.

த. ஐயா, கொங்குப் பக்கம் வகுப்பெடுத்ததுண்டா? முதல் இரண்டு எழுத்திலேயே வகுப்பு முடிந்துவிடும். அதுவும் போக, பொச்சாப்பு மகிழ்ச்சியில் மெய்ம்மறந்திருப்பது. காவலுக்கு ஆள் வைத்துவிட்டுக் கூடாரத்தில் சோறு தின்கிறவன் எதை மறந்தான்? வள்ளுவர்தான் வேண்டுமென்றால் குறள் 429: 'எதிரதாக் காக்கும் அறிவினார்க்கு இல்லை அதிர வருவதோர் நோய்'. அலர்ட்டுக்கு 'எதிர்காப்பு' எடுங்கள்.
– மீ.

எதிர்காப்பு கேடயம் மாதிரி ஒலிக்கிறது. சும்மா 'விழிப்பு' என்றால் என்ன?
– சு.

சரி, நாளை அச்சு. 'அசந்த நிலை', 'விழிப்பு' என்று போடுகிறேன். 2024 பதிப்பில் முதல் சுற்றை இழப்பதில்லை. யார் முதலில் ஆடுவது என்று முடிவு செய்யும் வரிசைப் பகடையை இரண்டு முறை உருட்டிச் சிறிய எண்ணை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கும் இந்தச் சொல் பொருந்துகிறது. 'அன்கேனி டாட்ஜ்' என்ற திறனின் பெயர் அப்படியே இருக்கட்டும். மூன்றாம் பதிப்பில் அது அசந்தாலும் லாகவம் (அடிக்குத் தப்பும் சுறுசுறுப்பு) போகாமல் காத்தது. ஐந்தாம் பதிப்பில் பட்ட அடியைப் பாதியாக்குகிறது. எதற்கென்று பெயர் வைப்பது?
– கு.

என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். பொச்சாவாமையில் ஒரு குறையும் இல்லை. குறை கொங்கு நாட்டில்.
– த.